முன்பல் தேவை

லெர்மா அக்காவின் வாயில் ஒரு டியூப்லைட்டைப் பொருத்திவிட்டேன். பல் என்று நினைத்துத்தான் பொருத்தினேன். சுற்றியுள்ள பற்களெல்லாம் காப்பிக் கறை ஏறிய மங்கல் மஞ்சள். நடுவில் இது மட்டும் கழிப்பறை ஓடு போலப் பளீரென்று நின்றது.

அக்கா கைக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். மாணவனான என்னையும் டாக்டராக்கி, சுருக்கமாக 'டாக்' என்றுதான் கூப்பிடுவார்.

"டாக், இத அணைக்க சுவிட்ச் எங்க இருக்கு?"

தவறு மெஷினுடையதல்ல. கல்லூரிக்குப் புதிதாக வந்த ஸ்கேனர் அது. பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் நகர்த்தினால் பல் அப்படியே திரையில் எழும்பி நிற்கும். அடுத்த அறையில் இன்னொரு மெஷின் பீங்கான் கட்டியைக் கடைந்து, அந்தப் பல்லுக்கு மூடி செய்து கொடுத்துவிடும். அச்செடுக்க மாவை வாயில் அப்பி, நோயாளியை ஓங்கரிக்கவிடும் வேலையெல்லாம் இல்லை. ஆனால் நிறத்தை மட்டும் மனிதன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதையும் வேலை தொடங்குமுன், பல் எச்சிலில் நனைந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நெடுநேரம் வாயைத் திறந்து வைத்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அக்காவின் பல்லைச் செதுக்கி, ஸ்கேன் எடுத்து, மெஷினை வாய்பிளந்து வியந்து முடித்த பிறகு, காய்ந்து கிடந்த பக்கத்துப் பல்லருகே நிற அட்டையைப் பிடித்து, "ஆகா, என்ன வெள்ளை!" என்று குறித்துக்கொண்டவனும் நான்தான்.

பேராசிரியர் பான்லிலியோ வந்து குனிந்து பார்த்தார்.

"டெல்வின், இவங்க ராத்திரியில ஜீப்னி பஸ் ஓட்டப் போறாங்களா?"

"இல்ல மேடம். கடையில சேல்ஸ்."

"அப்போ முன்னாடி ஹெட்லைட் எதுக்கு? கழட்டு. இந்தத் தடவ முழு வாயும் ஸ்கேன் எடு."

நல்லவேளை, நிரந்தரப் பசை இன்னும் போடவில்லை.

அக்காவுக்கு மணிலாவின் ஒரு பெரிய கடையில் வேலை. ஐந்து மாத ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு நேர்காணல் வைத்து, முகம் பிடித்திருந்தால் திரும்ப எடுப்பார்கள். திங்கட்கிழமை நேர்காணல். உடைந்த முன்பல்லோடு போனால் என்ன நடக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கோ, பட்டம் வாங்க மெஷினில் செய்த முன்பல் மூடி ஒன்று பாக்கி. எங்கள் ஊரில் பல் மருத்துவ மாணவனுக்குக் கல்லூரி பாடம் மட்டும்தான் தரும். பல்லை அவனே தேடிக்கொள்ள வேண்டும். ஜீப்னி நிறுத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அக்காவை நான்தான் கண்டுபிடித்தேன். சிகிச்சைச் செலவும் வண்டிக்காசும் மதியச் சோறும் என்னுடையவை. யார் யாருக்கு உபகாரம் செய்கிறோம் என்பது கடைசிவரை விளங்காத ஏற்பாடு.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வகுப்புத்தோழி க்ளாடிஸ் வந்தாள். படிப்பு முடிந்ததும் அவள் துபாய்க்குப் போகிறாள், வேறொரு டாக்டருக்கு உதவியாளராக.

"டாக்டருக்குப் படிச்சிட்டு அங்க போய் குழாய் பிடிப்பியா?" என்றேன்.

"இங்கயும் குழாய்தானேடா பிடிக்கிறேன், அதுவும் சும்மா. நீ?"

"மக்காத்தியில, பணக்காரங்க சிரிப்ப அழகாக்குற கிளினிக். ஸ்கேனர் இருக்கு, ஏசி இருக்கு."

"போ போ. உன் டியூப்லைட்டுக்கு அங்கதான் கிராக்கி."

பேராசிரியரிடமும் கேட்டு வைத்தேன். "மேடம், நான் எந்தப் பக்கம் போகலாம்?"

"முதல்ல அந்த வாய்க்குள்ள போ."

போனேன். முதலில், பல் ஈரமாக இருக்கும்போதே நிறத்தைப் பார்த்துக்கொண்டேன். பிறகு கேமராவை முன்பற்களிலிருந்து பின்பக்கம் நகர்த்தினேன். அந்தப் பக்கம் நான் போனதேயில்லை. வாயை முழுதாகப் பரிசோதிப்பது ஜூனியர்களின் வேலை. அவர்கள் எழுதியதில் முன்பல் வரியை மட்டும் படித்தவன் நான். திரையில் வலதுபக்கக் கீழ்க்கடைவாய்ப்பல் மெல்ல எழுந்தது. பல் என்று சொல்ல அங்கே ஓரங்கள் மட்டுமே இருந்தன. நடுவில் கிணறு. அதைச் சுற்றி வீங்கிய ஈறு. கேமராவின் நுனி லேசாக உரசியதும் அக்காவின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின.

"வலிக்குதாக்கா?"

"பரவால்ல, டாக்."

முதல் நாளிலிருந்து அதே பதில்தான்.

நான் க்ளாடிஸ் பக்கம் திரும்பினேன். "கடைவாய்க்கு வேர் சிகிச்சை கேஸ் உனக்கு வேணுமா?"

"பட்டத்துக்கு வேண்டியது எனக்கு முடிஞ்சிருச்சு."

"வேற யாருக்காவது?"

"கிளாஸ்ல எல்லாருக்கும் முடிஞ்சிருச்சுடா. கடைவாய்தான் ஊரெல்லாம் கிடக்கே. முன்பல்லுக்குத்தானே அடிச்சிக்கிறோம்."

சந்தையில் முற்றிய வெண்டைக்காயைத் தள்ளிவைப்பதுபோல் அவள் சொன்னாள். அக்கா வாயைத் திறந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் புதுப்பல் தயாரானது. இந்த முறை பொருந்தியது, நிறமும் அளவும். அருகில் போய்ப் பார்த்தாலும் எது மெஷின் செய்தது என்று தெரியவில்லை. பேராசிரியர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்கா கண்ணாடிக்கு முன் தோளை நிமிர்த்திக்கொண்டு, கையை நெஞ்சில் வைத்து, கடைக்கு வருகிறவர்களை வரவேற்பதுபோல் "குட் மார்னிங், மேம்-சார்!" என்று சொல்லிப் பார்த்தார். க்ளாடிஸ் கைதட்டினாள்.

அவள் போனபிறகு, கருவிகளைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்டேன். "அக்கா, பின்னாடி இருக்கிற அந்தப் பல் எத்தன நாளா வலிக்குது?"

"மறந்துபோச்சு, டாக். நீ மதியச் சோறு வாங்கிக் குடுத்தா வலி மறந்துடும்."

"விளையாடாதீங்க. இத்தன தடவ வந்தீங்களே, ஏன் என்கிட்ட சொல்லல?"

பையைத் தோளில் மாட்டப் போனவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னிக்கு ஸ்டாப்புல என்கிட்ட என்ன கேட்ட? எங்க வலிக்குதுன்னா கேட்ட? முன்பல் உடைஞ்சிருக்கான்னு கேட்ட. உனக்கு முன்னாடி உங்க காலேஜுப் பையன் ஒருத்தன் வந்தான். பின்னாடி வலிக்குதுன்னு அவன்கிட்ட சொன்னேன். 'அது எங்களுக்குத் தேவையில்லக்கா'ன்னுட்டு அடுத்த ஜீப்னியில ஏறிப் போயிட்டான். அதான் நீ வந்தப்போ வாயை முன்னாடி மட்டும் தொறந்து காட்டினேன்."