ஏழு வாரக் கரு

மேல்வீட்டு விதை டாக்டர் படிக்கட்டில் நின்று போனில் பேசியது மூன்றே வாக்கியம். "ஏழு வாரம் ஆச்சு. போன மூணு தடவையும் எட்டாவது வாரத்துலதான் போச்சு. இந்தத் தடவை எப்படியாவது கருவைக் காப்பாத்தணும்."

கீழ்வீட்டு ரேடியோவுக்கு அது போதும். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவுக்கே மறந்துவிட்டது. குக்கர் இரண்டாம் விசில் அடிப்பதற்குள் செய்தி நாலு வீடு தாண்டியது. டாக்டருக்கு வயது ஐம்பத்தொன்று, கல்யாணமே வேண்டாமென்று இருப்பவள் என்பதெல்லாம் செய்திக்கு உப்பும் காரமும்.

"அப்பன் யாருடி?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அது ரேடியோவுக்கே தெரியாது. அந்த அவமானத்தை எப்படித் தாங்குவது? மூன்று மாதுளம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரின் ஆராய்ச்சிக்கூடத்துக்கே போய்விட்டாள்.

"மாசமா இருக்கிறவங்க இப்படி நின்னுக்கிட்டே வேலை செய்யலாமா?"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜன்னலோரத் தொட்டியைக் காட்டினாள். "மாசமா இருக்கிறது அவங்க."

முழங்கால் உயரச் செடி. ஒற்றைக் காய். அந்த இனத்தில் மிஞ்சியதே இரண்டு செடிதானாம். மற்றது கடலுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மகரந்தம் பார்சலில் வந்து, தூரிகையால் தொட்டு வைத்த காய்.

"செடியிலயே விட்டா உதிர்ந்துடும். அதுக்குள்ள கருவை வெளியே எடுத்து நாமதான் ஊட்டி வளர்க்கணும். காலையில காம்பு மஞ்சளாயிடுச்சு, இப்பவே வெட்டணும். இன்னொரு பூவுக்குச் செடி தாங்காது. வந்தது வந்துட்டீங்க, முகமூடியை மாட்டிக்கிட்டு வாயைத் திறக்காம உட்காருங்க."

யாரைப் பார்த்து என்ன சொல்கிறாள் பாருங்கள். ஆனால் ரேடியோ உட்கார்ந்தாள்.

காய்க்குள் பதினொரு விதை, கடுகு கடுகாக. டாக்டர் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் கீழ் கீறினாள். "பதர்." அடுத்தது. "பதர்." எட்டும் பதர். ரேடியோ புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

ஒன்பதாவதில் கத்தி நின்றது. டாக்டர் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டாள்.

ரேடியோ குனிந்தாள். முதலில் வெறும் ஈரம். கண் பழகியதும் நடுவே ஒரு துளி வெளுப்பு. அதற்கு உருவம் வந்தது. மேலே இரண்டு மேடு, கீழே ஒரு கூர். கடுகின் வயிற்றுக்குள் ஓர் இதயம்.

"மேடு ரெண்டும் இலையாகும். கீழ்முனை வேர். எல்லாம் அதுக்குள்ளயே எழுதி வச்சாச்சு, பச்சைதான் இன்னும் வரலை" என்றாள் டாக்டர். ஊசிமுனையில் அதை ஏந்திக் கண்ணாடிக் குழாயின் ஊட்டக்கூழில் இறக்கினாள். மிச்ச இரண்டும் பதர்தான்.

வீடு திரும்பினால், படிக்கட்டில் தெருவே காத்திருந்தது.

"என்னடி, உண்மையா?"

"உண்மைதான்."

"அப்பன்?"

"பார்சல்ல வந்தான்" என்று சொல்லிவிட்டு ரேடியோ உள்ளே போனாள்.

கொடுக்க மறந்த மாதுளம்பழம் பையிலேயே இருந்தது. ஒன்றைப் பிளந்தாள். நூற்றுக்கணக்கில் முத்து. ஒன்றை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தாள். வாயில் போட மனம் வரவில்லை.

"என்ன, பழத்தோட பேச்சுவார்த்தையா?" என்றார் புருஷன்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றாள் ரேடியோ.