முதுகு காட்டி வாசித்தவள்

பள்ளிக்கூடம் விட்டதும் ரிங்லெட்டிலிருந்து தேயிலை எஸ்டேட்டுக்குக் காரை விட்ட நளினி டீச்சருக்கு, திருச்செல்வத்திடம் சொல்ல வேண்டிய பேச்சை எடுக்கவே தெம்பில்லை. புவனேஸ்வரன்தான் அதை அவள் தலையில் கட்டியிருந்தான்.

மூவரும் ஒரே எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவர்கள். படிக்கிற வயதில் ‘மூணாம் லைன்’ என்று ஒரு பேண்ட் தொடங்கினார்கள். புவனேஸ்வரன் கிட்டார் வாசித்தபடி பாடுவான், நளினி பேஸ் கிட்டார், திருச்செல்வம் டிரம்ஸ். வாசித்தது போஸ்ட் பங்க் என்ற முரட்டு ராக் இசை. கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, கோயில் திருவிழாவுக்கும் கூப்பிடவில்லை, வானொலியும் சீண்டவில்லை. எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தாங்களே பதிவு செய்து, கேசட்டும் பிறகு சிடியும் கையில் கொண்டுபோய் விற்றார்கள். கோலாலம்பூரின் மாடிக்கூடங்களில் நாற்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். அணை வெள்ளத்தில் லெம்பா பெர்த்தாம் ஊரைச் சேறு மூடிய வருடம் போட்ட பாட்டை மட்டும் எங்கெங்கோ உள்ள பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். தலை நரைத்த பிறகும் மூவரும் விடவில்லை.

போன மாதம் கோலாலம்பூரில் மானம் போயிற்று. ஒரு பாட்டின் நடுவே திருச்செல்வம் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டான். வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரமும் டிரம்ஸும் சேர்ந்து அவன் வலது காதை முழுசாகத் தின்றிருந்தன. இடது காது பாதிதான். வேறு ஆளைப் போடலாம், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றான் புவனேஸ்வரன்.

பக்குவமான வார்த்தைகளைக் கத்திச் சொல்ல முடியாது என்பது திருச்செல்வத்தின் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நளினிக்கு உறைத்தது. அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.

திருச்செல்வம் கேட்டான்: “அவனுக்கு வாயில்லையா? ஒன்னைய அனுப்புறான்?”

“நானும்தான் சொல்றேன் செல்வம். இப்டி வாசிக்க முடியல லா.”

“அவனுக்குத் தொண்டை போனப்ப சுருதிய எறக்குனோம். ஆள மாத்துனோமா?”

தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்த அவன் மனைவி உமாதேவி, தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “காது கேக்கலன்னா கண்ணு இருக்குல்லக்கா. நீங்க அவரப் பாத்து நின்னு வாசிங்க.”

ஆளை மாற்றவில்லை என்று புவனேஸ்வரன் சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, ஒத்திகைக்கு வந்து சேர்ந்தான். நளினியின் வலது கையைப் பார்த்துத்தான் திருச்செல்வம் அடித்தான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவள் தலையசைக்க வேண்டும். முன்பெல்லாம் அலுத்துப்போனால் கொஞ்சம் கண்மூடி வாசிப்பாள். இனி அதற்கும் வழியில்லை.

பிரிஞ்சாங் ஊரில் ஒரு கடை மாடியில் வாசித்தார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசி வரை அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே நின்றாள். ஒரு பாட்டு பாதியில் உடைந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. மற்ற பாட்டெல்லாம் உடையாமல் ஓடியது. முடிந்ததும் ஒரு பெண் வந்து, அப்படித் திரும்பி நின்றது எதிர்ப்புக்குத்தானே என்று ஆசையாகக் கேட்டாள். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் ஆமாம் என்றாள் நளினி. கழுத்து மரத்துப்போயிருந்தது.

லோரியில் சாமான் ஏற்றும்போது, அடுத்த மாதம் ஈப்போவில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான் புவனேஸ்வரன். காதில் விழாத திருச்செல்வம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். நளினி அவன் எதிரில் போய் நின்று சத்தமாகச் சொன்னாள்.

“ஒனக்கு முடியுமா?” என்றான் அவன்.

“முடியல,” என்றாள். “ஆனா வர்றேன்.”

அவன் தலையாட்டிவிட்டுப் பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தை அவள் தூக்கினாள்.