கோயில் இடுக்கில் கண்ணாடிக் கடைக்காரர்

கண்ணாடிக் கடைக்காரர் தானாக முன்வந்து குடும்பத்தைச் சுற்றுலா கூட்டிப்போனது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. ஊரில் பாதிப் பேர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதர், தன் கடை வாசலைத் தாண்டி எதையும் பார்த்தவரில்லை. அப்பேர்ப்பட்டவர் காலையில் எழுந்ததும் "மலைமேல பழைய கோயில் ஒண்ணு இருக்காமே, இன்னைக்கே போயிட்டு வந்துடலாம்" என்றதும், அவர் மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மகள்தான் தலைகால் புரியாமல் குதித்தாள்.

காய்ச்சல் இருந்திருந்தால்கூடத் தேவலை. முந்தாநாள் கடையில் இருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்திருந்தது. பழைய சிலைகளையும் சுவர் ஓவியங்களையும் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் கல்லூரியிலிருந்து. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் அந்த ஊர் வரும். மகளுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டதாம். விண்ணப்பத்தில் அப்பாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார் போனில் பேசிய பெண்மணி. "சொல்றேங்க" என்று வைத்தவர், வீட்டில் மூச்சு விடவில்லை.

ஏன் என்று கேட்டால் அவரிடம் பெரிய நியாயம் ஒன்றும் கிடையாது. சாயங்காலமானால் மகள் கடைக்கு வந்துவிடுவாள். எதிரே உட்கார்ந்து, தளர்ந்த ஃபிரேம்களின் திருகாணியை முடுக்கிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சு இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போகாதே என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. மலைமேல் சிக்னல் கிடைக்காது என்று விசாரித்து வைத்துக்கொண்டார். இன்றைய பொழுது சாய்ந்துவிட்டால் போதும், இடம் கிடைக்கவில்லை என்று அவளாகவே தேற்றிக்கொள்வாள். இதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டார் மனிதர்.

கோயிலில் அவள் அவரைத் தூண் தூணாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த யானையைப் பாருங்கப்பா. உடைஞ்ச தும்பிக்கையை சிமெண்ட் வச்சு அப்பியிருக்காங்க. யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? நான் படிச்சு முடிச்சதும் முதல் வேலையா இங்கதான் வருவேன்."

"வரலாம், வரலாம்" என்றார் அவர், யானையின் முகத்தைப் பார்க்காமல்.

கருவறைக்குப் பின்னால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. உள்ளே நடுவழியில், சுவரில் பழைய ஓவியம் கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம். வாசலில் நின்ற கைடு, தினமும் சொல்லித் தேய்ந்த வசனத்தை எடுத்துவிட்டார்: "பாவம் பண்ணாதவங்க மட்டும்தான் அந்தப் பக்கம் போக முடியும். பண்ணினவங்களைக் கல்லு பிடிச்சுக்கும்!"

மகள் முதலில் நுழைந்தாள். அப்பாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டாள். பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம். பாதி வழியில் சுவர்கள் நெருங்கின. கடைக்காரரின் தொப்பை நெருங்க மறுத்தது.

"என்னங்க, நின்னுட்டீங்க?" என்றாள் மனைவி.

"நிக்கலை. மாட்டிக்கிட்டேன்."

கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது.

"சார், என்ன பாவம்னு சொல்லிட்டா விட்டுடும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் மனைவி. "பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி இன்னும் திருப்பிக் குடுக்கலை."

"ஏணிக்கெல்லாம் இவ்வளவு இறுக்கமாப் பிடிக்காதேம்மா!" என்றது அதே குரல்.

சிரித்தால் வயிறு இன்னும் முட்டும். அதனால் அவரால் சேர்ந்து சிரிக்கக்கூட முடியவில்லை. ஒரு கன்னத்தில் கல், முதுகில் கல். இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. இப்படியே போய்விடுவோமோ என்று நிஜமாகவே பயந்துபோனார். காற்று வேண்டும் என்று கைடு சத்தம் போட்டு, பின்னால் இருந்தவர்களையெல்லாம் வெளியே வரச் சொன்னார். போகும்போதும் அவர்கள் சிரிப்பு அடங்கவில்லை.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் சிரிக்காதீங்க! எங்கப்பா ஒரு பாவமும் பண்ணாதவரு!" என்று இடுக்கே அதிரக் கத்தினாள். அதைக் கேட்டதும் அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"பயந்தா உடம்பு உப்பும் சார்! மூச்சை முழுசா விடுங்க!" கைடின் குரல் எங்கோ கேட்டது.

விட்டார். மகள் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். சட்டைப் பொத்தான் தெறித்தது, முழங்கைத் தோல் உரிந்தது, அந்தப் பக்கத்து வெயிலில் போய் விழுந்தார். இடுக்கின் மறுமுனையில் கைதட்டல் கேட்டது. கூட்டம் சுற்றுப்பாதை வழியாகக் கிளம்பியது.

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைத் துடைத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க மூச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா. அப்பா நல்லபடியா வெளிய வந்தா போதும், எனக்கு அந்தக் காலேஜே வேண்டாம்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்."

இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? அவளே கதவைச் சாத்திவிட்டாள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், இரண்டு நாளாகப் பழகிய வேலைதான். ஆனால் மூச்சு மறுபடியும் பாதியில் நின்றது. இப்போது பிடித்துவைக்க எந்தச் சுவரும் இல்லை.

"கெடச்சிருச்சும்மா," என்றார்.

"என்னதுப்பா?"

"காலேஜ்ல சீட்டு. போன் பண்ணினாங்க. இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள சரின்னு சொல்லணும். நீ போயிட்டா கடையில நான் யார்கூடப் பேசுவேன்னு... சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

"இதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தீங்களா?"

அவர் தலையாட்டினார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. "அவங்க நம்பர் உங்க போன்லதானே இருக்கு? குடுங்க" என்று வாங்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள்.

மனைவி மூச்சு வாங்கச் சுற்றி வந்து சேர்ந்தாள். இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. "ஒரு வழியா விட்டுடுச்சே உங்களை! அவ எங்க, இப்படி ஓடறா?"

"காலேஜுக்குப் போன் பண்ண. சீட்டு கெடச்சிருக்கு."

"கெடச்சிருச்சா!" அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயெல்லாம் பல். "கடவுளே! எப்பங்க சொன்னாங்க?"

கீழே, படிக்கட்டின் வளைவில், மகள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அங்குமிங்கும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள்," என்றார்.

மனைவி அவர் கையை விட்டாள்.