ரெண்டடி பெகியும் கடைசி பஸ்ஸும்

மன உறுதியைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடியுமுன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் டர்பனுக்கு ஓடி வந்து சேர வேண்டும். வருஷா வருஷம் நடக்கிற தொண்ணூறு கிலோமீட்டர் பந்தயம். பாதி தாண்டிய பிறகு உறுதியாவது மண்ணாங்கட்டியாவது! உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கு, கூட வருகிறவர்களின் பாட்டு, யார் மேலாவது கொஞ்சம் கோபம். இத்தனை வருஷமாக என்னை இழுத்து வந்தவை இவைதான்.

என் பெயர் தோகோசிலே. உம்லாசியில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற வேலை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பஸ் டிரைவர். சக்கரமில்லாத பஸ்தான். கொடியைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் ஓட, என் வேகக் கணக்கை நம்பி நூறு பேர் பின்னால் வருவார்கள். நான் 'நட' என்றால் நடை, 'ஓடு' என்றால் ஓட்டம். யாருக்காகவும் பஸ் நிற்காது. அதிலும் என்னுடையது கடைசி பஸ்; இதை விட்டால் நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது.

நேரம் முடிந்ததும் முடிவுக் கோட்டருகே ஒருவர், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வானத்தைப் பார்த்துச் சுடுவார். முகங்களைப் பார்த்தால் மனசு இளகிவிடுமாம். வெடிச் சத்தம் கேட்ட பிறகு ஓரடி பாக்கி என்றாலும் நீ ஓடாதவன்தான்.

போன வருஷம் என் கொழுந்தன் பெகிதெம்பாவுக்கு இரண்டடி பாக்கி. தெருவே டிவியில் பார்த்தது. மறுநாளிலிருந்து அவன் பெயர் ரெண்டடி. ரொட்டிக் கடையில் ரெண்டடி, சர்ச்சிலும் ரெண்டடி. அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'ரெண்டடி மக' என்று கூப்பிட, அவள் அழுதுகொண்டு வீடு வந்தாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா ஷூவைக் கடல்ல வீசிட்டு வேற வேலையப் பாப்பேன் அண்ணி" என்றான். சொன்னால் செய்கிற ஆள்.

பயிற்சியில் அவனைக் குறை சொல்ல முடியாது. மழையென்றும் பார்க்காமல், குளிரென்றும் பார்க்காமல் ஓடினான். ஓடத் தெரிந்த மகராசனுக்கு நடக்கத்தான் தெரியவில்லை. மேடு வந்தால், கால் நன்றாக இருக்கும்போதே நடந்துவிட வேண்டும். அதுதான் பஸ் முறை. அவனுக்கோ நடப்பதென்றால் மானக்கேடு.

"போன வருஷம் நடந்துதானே கெட்டேன்?"

"நடந்து கெடலடா. நடக்க வேண்டிய எடத்துல ஓடிக் கெட்ட."

காதில் போட்டுக்கொண்டானா? இந்த வருஷமும் பாதி தாண்டி போத்தாஸ் மேட்டில் நான் "நட!" என்று குரல் கொடுத்ததும், அவன் மட்டும் எங்களைத் தாண்டி ஓடினான்.

"ஹாவ்! பஸ்ஸ விட்டு எறங்குறியா?"

"உங்க பஸ்ஸு மாட்டு வண்டி அண்ணி!"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் எங்கே உட்காரப் போகிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கௌவீஸ் மேட்டில், நடைபாதை ஓரத்தில், இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தான். முகத்தில் உப்புப் பூத்திருந்தது.

"நீங்க போங்க அண்ணி. என்னால ஆகாது."

நான் நின்றால் நூறு பேரும் கெட்டார்கள். வேகத்தைக் குறைக்காமல், வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

"உக்காருடா உக்காரு! சொந்தக் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்தானே நீ! பொண்ணு வீட்டுல சாப்பாடு ஆறிப்போச்சு!"

"அது டாக்ஸி பஞ்சர்!"

"பஞ்சராம் பஞ்சர். நீ தூங்கிட்டன்னு உங்க அண்ணன் சொன்னாரு."

"பொய்! அண்ணனும் கூடத்தானே வந்தாரு!"

நான் தூரம் போய்க்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் அவன் எழுந்துதானே ஆகவேண்டும்? எழுந்தான். நொண்டினான். நான் நூல் பிடித்த மாதிரி அதே வேகத்தில் போனேன். கத்திக்கொண்டே பின்னால் வந்தான், எந்த டயர், எந்த வளைவு, யார் ஜாக்கி போட்டார்கள் என்று. பின்னால் வந்த நோக்வாசி என்கிற பெண் "பஞ்சர்!" என்று பாட்டெடுக்க, நூறு பேரும் "பஞ்சர்! பஞ்சர்!" என்று காலடிக்குத் தாளம் போட்டார்கள். அவனுக்கு வந்த கோபத்தில் வலி மறந்தே போனது. அடுத்த மேட்டில் நான் "நட!" என்றபோது நடந்தான். திட்டிக்கொண்டேதான் நடந்தான்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கோட்டருகே அந்த மனிதர் முதுகைக் காட்டி நின்றார். டிரைவர் கடைசியில்தான் தாண்ட வேண்டும். எல்லாரையும் முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தேன். கோட்டுக்கு நாலடி முன்னால் இந்த முட்டாள் நின்றுவிட்டான்.

"நீங்க மொதல்ல போங்க அண்ணி."

"மரியாதை காட்டுற நேரமாடா இது!"

"நீங்க இல்லன்னா நான்..."

துப்பாக்கி மேலே போனது. கொடிக் கம்பால் அவன் முதுகில் ஒரு குத்து விட்டு, அப்படியே மேலே விழுந்தேன். இரண்டு பேரும் உருண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தபோதுதான் சத்தம் கேட்டது. அப்பாடா! என் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. பெகி புல்லில் முகம் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதான். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

நிமிர்ந்து பார்த்தபோது, கோட்டைத் தாண்ட முடியாமல் ஒரு ஆள் மண்டியிட்டிருந்தான். எந்த ஊரோ. இரண்டடிகூட இருக்காது. பெகி தவழ்ந்தே அவனிடம் போய், தோளில் கை போட்டான்.

"உனக்கு நாளைக்கு ஒரு பேரு வைப்பாங்க" என்றான். "வச்சுக்கட்டும், பரவால்ல. ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த தடவை எங்க அண்ணி பஸ்ல ஏறு. மேடு வந்தா நடக்கச் சொல்லும். வாய மூடிட்டு நட."