ஆச்சி வீட்டுப் பெட்டி

கூடத்தில் கிடத்தியிருந்த கணவனின் உடலைக் குளிப்பாட்டத் தூக்கியபோது, வழியை மறித்துக் கிடந்த பலகைப் பெட்டியை மயிலம்மாள் காலால் எற்றினாள். உள்ளே அடுக்கியிருந்த புடலங்காய்கள் குலுங்கின.

"ஐயோ அக்கா, சாப்பாட்டுப் பண்டத்தப் போயி..." என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"சிரம்பான் ஆச்சிக்குப் போறதுதானே. ஒதைச்சா என்ன லா?"

அவள் கணவன் மாயாண்டி, மலேசியாவின் ரந்தாவ் ரப்பர் தோட்டத்தில் விடியலில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் ஆற்றோரக் கொல்லையில் மண்வெட்டி பிடித்தவன். மழைக்குப் புடலையும் பாகலும், வெயிலுக்குக் கீரையும் வெண்டையுமாகப் பருவம் ஈந்ததைப் பெட்டிகளில் அடுக்கி, வெள்ளிதோறும் மோட்டார் சைக்கிளில் கட்டிச் சிரம்பான் நகர வீடுகளுக்குக் கொண்டுபோவான். எந்த வீடும் பெட்டியை வெறுமையாகத் திருப்பியதில்லை; ஒரு பிடி அரிசியோ, இரண்டு வெற்றிலையோ கிடக்கும். கல்யாணசுந்தரி ஆச்சியின் பெட்டி மட்டும் ஆண்டாண்டாக வெறும் பலகையாகவே திரும்பியது.

"அந்தப் பொம்பள என்னத்த வெச்சு அனுப்புறா? எங்க ஒளிக்கிறீங்க?" என்று மயிலம்மாள் குடைவாள்.

"பெரிய வீட்டுக்காரங்க, மறந்திருப்பாங்க" என்று சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு அவளுள் முள்ளாய்த் தைத்தது. பிஞ்சின் நுனியில் கல் கட்டி வளர்த்த நேரான புடலைகள் ஆச்சிக்கு. சுருண்ட கோணல்கள் இவள் அடுக்களைக்கு. ஊடி முகம் திருப்புவாள். வெள்ளி மாலை திரும்பும்போது, கடைத்தெருவில் வாங்கியதாக ஒரு முழம் மல்லிகையை நீட்டுவான். மணம் உள்ளே புகச் சினம் வெளியேறிவிடும்.

நேற்று அவன் பெட்டி அடுக்கியபோதும் ஊடியிருந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லி அவன் அழைத்தபோது, முதல் அழைப்புக்கு அவள் திரும்பவில்லை. அடுத்த அழைப்பு வரவேயில்லை.

குளிப்பாட்டி, நெற்றி நிறைய நீறு பூசினார்கள். வாசலில் யாரோ பதிகம் பாடத் தொடங்கினார். எடுக்குமுன் அவளுக்குக் கடைசியாகப் பூ வைக்க வேண்டும். கடைத்தெருவுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

"இன்னிக்குப் பூ வரலையாம் லா."

அப்போது டாக்சி ஒன்று லயத்து வீட்டு வரிசையின் முன் நின்றது. வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக ஒருத்தி, பலகைப் பெட்டியைச் சுமந்து வந்து படியில் வைத்தாள். பட்டும் வைரத்தோடுமாக மயிலம்மாள் நெஞ்சில் புனைந்து வைத்திருந்த ஆச்சி இவள்தானா!

"போன வாரப் பெட்டி, ஆத்தா. வழக்கம்போலக் கட்டி வச்சுட்டுக் காத்திருந்தேன். அப்பறந்தான் சேதி வந்துச்சு."

பெட்டிக்குள் வாழையிலை, இலைக்குள் மல்லிகை. வாழைநார்த் தொடுப்பு, இடையிடையே மரிக்கொழுந்து. ஒவ்வொரு வெள்ளியும் தன் கூந்தல் சூடிய சரம்.

"இது... நீங்க கட்டுறதா?"

"செடி பூத்துக் கொட்டுது. வைக்கத்தான் வீட்டுல தலையில்ல. நாந்தான் அவரச் சொல்ல வேணாமின்னேன். தாலியறுத்தவ கட்டுனதுன்னா நீங்க வைப்பீகளா?"

ஒப்பாரி நின்றது. செல்லம்மா மயிலம்மாளின் காதருகே குனிந்தாள். "வேணாங்கா. அவங்க கைப்பூ..."

"இத்தன வருசமா வெச்சேனே, அத என்ன செய்யச் சொல்ற?" மயிலம்மாள் சரத்தை எடுத்துச் செல்லம்மாவிடம் நீட்டினாள். "வைடி."

தலையைக் குனிந்து கொடுத்தாள். வெள்ளிதோறும் தன் ஊடலைத் தீர்த்தவை ஆச்சியின் இந்தக் கைகளா? அவனிடம் கேட்டுச் சண்டையிட நா துடித்தது. அவனோ கண்மூடிக் கிடந்தான்.

எடுத்துப் போனார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை. ஆச்சி எழுந்தாள். மயிலம்மாள் மூலையில் கிடந்த பெட்டியை இழுத்தாள். புடலங்காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, மிக நேரானதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மீதியைப் பெட்டியோடு இரு கைகளாலும் ஆச்சி போகும் வாசல்பக்கம் தள்ளினாள்.