ஒரு சைபரை எடுத்துவிடு

கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியே உள்ளூரச் சந்தோஷப்பட்டது. அவர் வாயைத் திறந்தால் நிறுத்தமே கிடையாது. பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மெயில் வண்டி. மருந்துக் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதி, போட்டு, அழித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தும். கத்தாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்தான் அந்த ஒற்றுமைக்குக் காரணம். இது வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும், டீச்சருக்கு மட்டும் தெரியாது.

தொண்டை டாக்டர், ஒரு வாரம் மூச்சுவிடக்கூட வாயைத் திறக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டீச்சருடைய வீட்டுக்காரர் அந்த டாக்டர் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பரீட்சை நெருங்கியதால் லீவு போட டீச்சருக்கு மனம் வரவில்லை. பேசாமல் எப்படிப் பாடம் நடத்துவது? வேறு வழியில்லாமல் பிள்ளைகளையே பலகைக்குக் கூப்பிட்டு, "நீ சொல்லு" என்று சைகை காட்டினார்.

ஆரம்பத்தில் அது பெரிய சித்திரவதையாக இருந்தது. ஒருத்தி சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு விழிப்பாள். டீச்சருக்கு நாக்கு துறுதுறுக்கும். குரல் வராததால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க ஒரு சங்கதி விளங்கியது. தான் இத்தனை வருஷம் சொன்னது ஒன்று, இவர்கள் மண்டைக்குள் போய் உட்கார்ந்திருப்பது வேறொன்று. வெட்கமாக இருந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், சுவாரஸ்யமாகவும் இருந்தது. ஒருத்திக்குப் படம் போட்டுக் காட்டினால்தான் ஏறியது. இன்னொருத்திக்குச் சிரிஞ்சையும் மருந்துக் குப்பியையும் கையில் கொடுத்தால் மளமளவென்று வந்தது. அதனால்தான் அன்று மத்தியானம் அதே வளாகத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குக்குப் போய், வகுப்புக்காக ஒரு குப்பி வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கேட்டார்.

பெரும்பாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வந்தால் போடுகிற மருந்து அது. கிடங்குக்காரர் நீல மூடி போட்ட குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பழசு தீர்ந்துபோச்சு டீச்சர். இது காலைல வந்த புது சரக்கு. எல்லா வார்டுக்கும் அனுப்பியாச்சு."

வகுப்புக்கு வந்து, பலகையில் 'டாக்டர் எழுதியது இருபது மில்லிகிராம்' என்று எழுதி, குப்பியை முன்வரிசைப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தார். அவள் குப்பியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இருபதுல ஒரு சைபரை எடுத்துடணும். ரெண்டு. அதனால ரெண்டு மில்லி டீச்சர்."

வகுப்பே தலையாட்டியது. டீச்சர் எழுந்து போய்க் குப்பியைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். பழைய மருந்தில் ஒரு மில்லிக்குப் பத்து மில்லிகிராம் இருக்கும். இதில் ஐம்பது என்று போட்டிருந்தது. இரண்டு மில்லி போட்டால் இருபதுக்குப் பதில் நூறு உள்ளே போகும். அவர் லேபிளைத் தொட்டுக் காட்டினார்.

"லேபிள் எதுக்கு டீச்சர்? நீங்க போட்ட எல்லாக் கணக்குலயும் சைபரை எடுத்தா விடை வந்துடும். சீனியர் அக்காங்ககூட இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

பிள்ளைகள் பயப்படக் கூடாது, கணக்குச் சுலபமாக வரட்டும் என்று டீச்சர்தான் வருஷா வருஷம் பத்து மில்லிகிராம் மருந்தையே வைத்துக் கணக்குக் கொடுத்தார். எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கியதைப் பெருமையாகப் பிரின்சிபாலிடம் சொல்லியும் திரிந்தார். அந்த சீனியர் அக்காக்கள் இப்போது வளாகத்துக்கு அந்தப் பக்கம், வார்டுகளில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போனை எடுத்து குழந்தைகள் வார்டைக் கூப்பிட்டார். "யாருங்க? பேசுங்க," என்றது ஒரு குரல். டீச்சர் தன் பலம் முழுவதையும் திரட்டிக் கத்தினார். காற்றுதான் வந்தது. "வேலை நேரத்துல விளையாட்டு," என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

பலகை முழுக்கப் பெரிதாக எழுதினார்: 'எல்லா வார்டுக்கும் ஓடுங்கள். நீல மூடி ஊசியை நிறுத்தச் சொல்லுங்கள்.' பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீச்சர் மேஜையை ஓங்கி அறைந்த பிறகுதான் ஓடினார்கள்.

குழந்தைகள் வார்டுக்கு அவரே ஓடினார். உள்ளே மருந்து வாடை. போன வருஷம் முதல் மதிப்பெண் வாங்கிய பெண், ஒரு சிறுமியின் கட்டிலருகே நின்று சிரிஞ்சில் இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். "புரிஞ்சுது டீச்சர்" என்று எப்போதும் முந்திக்கொள்கிறவள் அவள்தான். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டீச்சர்? என்ன ஆச்சு? இருபது மில்லிகிராம், ரெண்டு மில்லி. சரிதானே?"

பிடுங்கி எறியத்தான் கை பரபரத்தது. பிடுங்கினால் இந்த ஊசி நிற்கும், நாளைக்கு வேறொரு ஊசி போகும். டீச்சர் தட்டில் இருந்த நீல மூடிக் குப்பியை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு விரலைக் காட்டினார். ஒரு மில்லியில் எவ்வளவு?

"அம்பது," என்று படித்தாள். டீச்சர் அசையவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். "ஒரு மில்லிலயே அம்பது இருக்குன்னா... இருபதுக்கு ஒரு மில்லிகூட வேண்டாமே. அரை மில்லிகூட வேண்டாமே!"

சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"டீச்சர்... மூலைக் கட்டில் பையனுக்கு மூணு மில்லி போட்டுட்டேன். அப்பவே."

மூலைக் கட்டிலில் ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். பக்கத்தில் அவன் அம்மா, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "ஊசி போட்டதுல இருந்து நல்லாத் தூங்குறான்," என்று நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க கைராசி."

பிறகு எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. மற்ற வார்டுகளுக்கு ஓடிய பிள்ளைகள், அங்கே இன்னும் யாருக்கும் போடவில்லை என்று வந்து சொன்னார்கள். டாக்டர் வந்தார். பையனைத் தட்டி எழுப்பிப் பார்த்தார், எழவில்லை; மூச்சும் மந்தமாக இருந்தது. மூக்கில் குழாய் வைத்தார்கள், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். வெளியே வந்த டாக்டர் அந்த அம்மாவிடம், "டோஸ் அதிகமாயிடுச்சு. ரெஸ்பிரேஷன் டிப்ரஸ் ஆயிருக்கு. அப்சர்வேஷன்ல வைக்கிறோம். காலைல வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது. புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுதுங்க," என்று தலையாட்டினாள். டாக்டர் மறுபடியும் திரைக்குள் போய்விட்டார்.

அந்தத் தலையாட்டலை டீச்சர் பார்த்தார். அப்படியே நழுவிப் போயிருக்கலாம். குரல் இல்லாதவரை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஸ்டூலை இழுத்து அந்த அம்மாவின் முழங்கால் படுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். தொண்டை கிழிந்தால் கிழியட்டும் என்று காற்றுக் குரலில் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? நீங்க சொல்லுங்கம்மா, நான் கேக்குறேன்."

"பையன் அசந்து தூங்குறானாம். காலைல எழுந்துடுவானாம்." அவள் முகம் மலர்ந்திருந்தது. "அப்படித்தானே டீச்சர்?"

"இல்லம்மா," என்றார் டீச்சர். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.