பட்டை போட்ட பேட்டரி

கலைச்செல்வனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. முந்தாநாள் ரைஸ் மில்லில் நூற்றுப்பத்து மூட்டை இறக்கிய பலன். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. விஜயதசமியன்று காலையில் பாதி குந்தி, பாதி நின்று, சுவரில் சொருகியிருந்த சார்ஜரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

சார்ஜருக்குள் கேமரா பேட்டரி. சிவப்பு விளக்கு நின்று எரிய வேண்டும். அது நாலு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்துபோனது. பிடுங்கிச் சொருகினான். மறுபடி நாலு கண்ணடிப்பு.

"ராத்திரிலேந்து இதே கதைதான்," என்றான்.

"பூஜை அன்னிக்கு சாமான தொடாதன்னு சொன்னனா இல்லியா?" என்றாள் பெண்டாட்டி அம்முலு. "ராவோட ராவா எடுத்து சொருகின. அதான் மொறைக்குது."

பத்தரை மணிக்கு சர்ச்சில் பிரிஸ்கில்லாவுக்கு நிச்சயம். போட்டோவுக்குக் கலைச்செல்வன். பர்மா பஜாரில் பழசாக வாங்கிய டிஜிட்டல் கேமராவுக்கு வந்த முதல் வேலை. இது நல்லபடி அமைந்தால் வாரத்தில் ரெண்டு நாளாவது மூட்டைக்கு முதுகைக் கொடுக்காமல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

பிரிஸ்கில்லாவின் அம்மா மார்த்தாள், நடவுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி. வரப்பில் நின்று ஒரு சத்தம் விட்டால் அடுத்த கழனி ஆளும் குனிந்துகொள்வான். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"எம்பொண்ணு பக்கத்துல நான் நிக்கிற மாதிரி ஒண்ணு வோணும்டா கலை. இந்த வயசுக்கு என்ன எவனும் போட்டோ புடிச்சதில்ல. வோட்டர் கார்டுல கீறது நான் இல்ல, எவளோ ஒருத்தி."

"ஒண்ணு இன்னாக்கா, பத்து எடுக்கறேன்," என்று வாய் விட்டிருந்தான்.

இப்போது மணி எட்டு. டார்ச் லைட் பேட்டரிக் கட்டைக்குச் செய்கிற வைத்தியமெல்லாம் நடந்தது. கூரைமேல் வெயிலில் வைத்தான். கல்லில் தட்டினான். பல்லால் லேசாகக் கடித்தும் பார்த்தான்.

"கடிச்சா கட்டைக்கு உசுரு வரும், இதுக்கு வருமா?" என்றாள் அம்முலு.

"எல்லாம் கரண்டுதானே?"

எதிர்வீட்டு பிளக்கிலும் அதே நாலு கண்ணடிப்பு. வேறு வழியில்லை, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போக வேண்டியதுதான். பூஜைக்கு எல்லாக் கடையும் மூடியிருந்தாலும் அப்துல் பாசித்தின் செல்போன் ரிப்பேர் கடை திறந்திருக்கும்.

இடுப்புவலிக்காரன் சைக்கிள் கேரியரில் உட்கார, அம்முலு மிதித்தாள். சைக்கிளுக்கும் பூஜை நடந்திருந்தது. ஹேண்டில்பாரில் வாழைக்கன்று, பெல்லில் சந்தனம், மட்கார்டில் குங்குமம். எதிரே வந்தவர்களெல்லாம் சாமி ஊர்வலத்துக்கு வழி விடுவதுபோல ஒதுங்கினார்கள். ஏரிக்கரை மேட்டில் அவள் மூச்சுவாங்க, "எறங்கித் தள்ளேன்யா," என்றாள்.

"எறங்கனா திரும்ப ஏற முடியாதுடி."

பாசித் மீட்டரை வைத்துப் பார்த்தான். "சார்ஜர் நல்லாத்தான் கீது. பேட்டரி உள்ளுக்கு வாங்க மாட்டேங்குது. தண்ணில போட்டியா நைனா?"

"இல்ல பாய்."

"கீழ போட்டியா?"

"சத்தியமா இல்ல."

"கடிச்சியா? பல்லு தடம் கீதே."

கலைச்செல்வன் ரோட்டைப் பார்த்தான். பாசித் பேட்டரியை விளக்குக்கு நேராகத் தூக்கி, நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, மூக்கில் வைத்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா நைனா, சந்தன வாசன அடிக்குது?"

கலைச்செல்வன் திரும்பிப் பார்த்தான். அம்முலு முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்குந்தான் வெச்சேன். மம்முட்டிக்கு, அருவாளுக்கு, கேமராவுக்கு. இத மட்டும் வுட்டா கோச்சுக்காதா?"

"அதுக்குன்னு அந்த எடத்துலயா?"

"நெத்தி எதுன்னு தேடுனேன். ஒரு பக்கத்துல மூணு கோடு தங்கமா பட்டை போட்டிருந்துது. சரி, இதான் நெத்தின்னு அதுமேலயே வெச்சேன்."

பாசித் சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ டப்பா கவிழ்ந்தது. "அந்தப் பட்டைலதாம்மா கரண்டு போவுது! நீ அத அடைச்சிட்டு பக்திய உள்ள வுட்டுட்ட!"

அன்றைக்கு ஊரில் பொட்டு இல்லாத சாமானே இல்லை. அதனால் பேட்டரியில் இருந்ததைக் கலைச்செல்வன் பார்த்தும் பார்க்கவில்லை. பாசித் பழைய டூத் பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தான். காய்ந்த சந்தனம் உதிர்ந்து மூன்று கோடும் பளிச்சென்று வந்தது. சார்ஜரில் வைத்ததும் சிவப்பு நின்று எரிந்தது. அம்முலு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"திரும்பப் பொட்டு மட்டும் வெச்சுடாதம்மா," என்றான் பாசித்.

ரெண்டு மணி நேரமாவது ஏற வேண்டும். சர்ச்சுக்குக் கிளம்ப இருபது நிமிஷம்தான் இருந்தது.

சர்ச்சில் கேமராவைத் திறந்தபோது பேட்டரி படத்தில் ஒரே ஒரு கோடு. பாஸ்டர் ஜெபம் ஒன்று, மோதிரம் ரெண்டு, ஜோடி மூன்று என்று நிஜமாக எடுத்தான். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வரிசை கட்டிவிட்டார்கள். இத்தனை பேருக்கும் எடுத்தால் மார்த்தாளுக்கு மிஞ்சாது. கலைச்செல்வன் ஒரு முடிவுக்கு வந்தான். கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, பட்டனை அழுத்தாமல், நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "டொக்" என்றான்.

"சூப்பர். அடுத்து!"

மாமா வந்தார், டொக். சித்தப்பா குடும்பம் எட்டுப் பேர், டொக். பெரியவர் ஒருவர் கண்ணாடியோடு ஒன்று, கழற்றி ஒன்று. டொக், டொக். நாக்கு வறண்டு போனது.

கடைசியாக, பரிமாறின கையைக் கழுவிக்கொண்டு மார்த்தாள் வந்தாள். மடிப்புக் கலையாத புதுப் புடவை. பொண்ணு தோளில் கை போட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, கண் கொட்டாமல் நின்றாள். கலைச்செல்வனும் இடுப்பை மறந்து நிமிர்ந்தான். இதுக்காகத்தானே அத்தனை டொக்கும். நிஜப் பட்டனை அழுத்தினான்.

கேமரா ஒருதரம் "ஙொய்" என்று முனகி, லென்ஸ் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு செத்துப்போனது.

மார்த்தாள் அசையாமல் நின்றாள். பிறகு, "ஏண்டா கலை, எல்லாருக்கும் டொக்குன்னுச்சு. எனக்கு மட்டும் ஏன் சத்தம் வரல?" என்றாள்.

அவன் அவசரமாக, "டொக்," என்றான்.

அப்போது கேமரா அவன் கண்ணில் இல்லை, கையில் இருந்தது. கூடம் முழுக்க அவன் வாயையே பார்த்தது.

திங்கட்கிழமை மில்லில் மறுபடி மூட்டை. இப்போதும் மார்த்தாள் வரப்பிலிருந்து அவனைக் கண்டால் பேசுவதில்லை, நாக்கால் ஒரு "டொக்" மட்டும் விடுவாள். பிரிஸ்கில்லா பக்கத்தில் மார்த்தாள் நிற்கிற ஒரு போட்டோ, கலைச்செல்வன் கணக்கில் இன்னும் பாக்கி.